வெட்டிய மூச்சு

பெரிய தண்ணீர் பாட்டிலைத் தம்பி ஒரே மடக்கில் காலி செய்தான். நடுவில் ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை. டிரம்ஸை இறுக்கிக்கொண்டிருந்த அக்கா, பையனுக்கு நல்ல தாகம் போலிருக்கிறது என்று நினைத்துத் திருகாணியைத் திருப்பினாள்.

கடைகளுக்கு அடியிலிருந்த கார் நிறுத்துமிடம்தான் அன்றைய மேடை. ஈரச் சிமெண்டும் பெட்ரோலும் கூட்டத்தின் வியர்வையும் கலந்து அடித்த வாடையில், தாழ்ந்த கூரையோரம் ஓடிய குழாய்கள் யாராவது மைக்கில் இருமினாலே அதிர்ந்தன. அவளுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

அவர்கள் குழு வாசிக்கும் மெட்டல்கோர் என்ற முரட்டு ராக் பாட்டுக்கு அலறல்தான் உயிர். 'எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கு' என்று ரசிகர்களே கழுவி ஊற்றியதில் அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தம்பியைப் படுக்கையறையில் போர்வைக்குள் உட்காரவைத்து, அலறவிட்டுப் பதிவு செய்தாள். பிறகு லேப்டாப்பில், அலறலுக்கு நடுவே அவன் மூச்சு இழுத்த இடங்களையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டினாள். பாட்டு முழுக்க இடைவெளியே இல்லாத ஒற்றை அலறல். கேட்டவர்களுக்கு நெஞ்சை அடைத்தது. அவளுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மேடையில் அந்தப் பதிவு ஓடும். தம்பி வாயசைத்தால் போதும். அதுதான் ஏற்பாடு. ஆனால் அவனோ அதைக் காதில் மாட்டிக்கொண்டே தூங்கினான், மாட்டிக்கொண்டே சாப்பிட்டான்.

"டேய், அது நான் வெட்டி ஒட்டுனதுடா. மனுஷனால முடியாது."

"முடியும்க்கா. மூச்சு எங்க வரும்கிறத மறந்துட்டா போதும்."

அன்றைக்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பழைய பாட்டுகள் முடிந்தன. "அக்கா, புதுச எடுத்து விடு!" என்றான் கித்தார்க்காரன் மொட்டை. இடுப்பு வரை முடி வளர்த்ததற்காகவே வைத்த பெயர் அது.

லேப்டாப்பைத் தட்டினாள். திரை அசையவில்லை.

"இருடா, இது மக்கர் பண்ணுது."

"அதான் வந்துருச்சே!" மொட்டை சிரித்துக்கொண்டே கம்பிகளில் இறங்கினான்.

அலறல் வந்துவிட்டது. ஆனால் லேப்டாப்பிலிருந்து இல்லை.

கைகள் பழக்கத்தில் அடித்தன. கண்கள் தம்பியின் முதுகை விட்டு நகரவில்லை. வெட்டிய இடங்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இதோ, பதிவின்போது இங்கே மூச்சு இழுத்தான். அடுத்தது, இங்கே. நனைந்த சட்டை விலாவோடு ஒட்டியிருந்தது. விலா அசையவில்லை. இங்கே. அசையவில்லை. ஐயோ, இங்கேயாவது.

பாட்டு முடிந்தது. அவள் நிறுத்தினாள். மொட்டையும் நிறுத்தினான்.

அலறல் நிற்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லாம் முடிந்தபின், அப்பாடா என்று அவன் இழுத்த கடைசி மூச்சு. அதையும்தான் வெட்டியிருந்தாள்.

"அக்கா, சொல்லவே இல்லையே! பின்னிட்டான்!" மொட்டை கைதட்டினான். கூட்டம் துள்ளியது. நூறு போன்கள் உயர்ந்தன.

டிரம்ஸைத் தள்ளிக்கொண்டு ஓடி மைக் வயரைப் பிடுங்கினாள். சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

உதடு நீலம். கண் நிறைய நீர். அவள் கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்து அழுத்தினான், இங்கே, இங்கே என்பது போல.

"மூச்சு விடுடா! என் கண்ணில்ல, தம்பி, மூச்சு விடுடா!"

"இன்னும்! இன்னும்!" என்றது கூட்டம்.

பிடி தளர்ந்தது. கால் மடங்கியது. அவள் மடியில் சரிந்தான். கண்கள் மேலே செருகின. உள்ளங்கைக்கு அடியில் துடித்துக்கொண்டிருந்த நெஞ்சும் அடங்கியது.

திறந்த வாயிலிருந்து அந்த அலறல் மட்டும், கொஞ்சமும் தேயாமல், வந்துகொண்டே இருந்தது.