கத்திக்குக் கீழே ஒரு கீச்!

"கீச்...!"

ஆபரேஷன் மேஜையில் கிடந்த அச்சகக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மயக்க டாக்டரம்மா கையில் மஞ்சள் ரப்பர் வாத்து!

"பயப்படாதீங்க சார். கழுத்து மட்டும்தான் மரத்துப்போகும். நீங்க முழிச்சே இருக்கணும். நான் சொல்றப்பல்லாம் இதை அமுக்குங்க. சத்தம் வந்தா மூளைக்கு ரத்தம் போகுதுன்னு அர்த்தம்."

வாத்தை அவருடைய வலது கையில் திணித்தாள்.

"அட, அவருக்கு வலது கை வராதும்மா!" சர்ஜன் சிரித்தார். "ஸ்ட்ரோக்ல விழுந்த கை. பேச்சுக் கொடுத்தே பார்த்துக்கலாம்."

"ஸாரி சார், பழக்க தோஷம்."

வாத்து அந்தக் கையிலேயே கிடந்தது.

அச்சகக்காரர் உள்ளுக்குள் சிரித்தார். வராத கையா...!

ஸ்ட்ரோக் வந்தது நிஜம். கை விழுந்தது நிஜம். பத்தே நாளில் அது தேறிவிட்டது மட்டும் யாருக்கும் தெரியாது. அந்தக் கையும் சேர்ந்துதான் போன மாதம் மைத்துனனின் கழுத்தை நெரித்தது! பாவிப்பயல், கேள்வித்தாளைத் திருட்டுத்தனமாய் அச்சடித்ததைப் போலீஸில் சொல்லப் போகிறேன் என்று குதித்தான்.

பிணத்தின் கழுத்தில் இரண்டு கை விரல்களின் தடம். இவருக்கோ ஒற்றைக் கை! சந்தேகப்பட்ட இன்ஸ்பெக்டரம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"கழுத்து ரத்தக்குழாய்ல இருக்கற அடைப்பை எடுக்கணும். முதல்ல இடுக்கி மாதிரி கிளாம்ப் போடறேன். அந்தக் குழாய்ல ரத்தம் நிக்கும். நூறுலேர்ந்து தலைகீழா எண்ணுங்க சார்."

"நூறு... தொண்ணூத்தொம்பது... தொண்ணூ..."

நாக்கு சுருண்டது. வார்த்தை வரவில்லை!

"சார்...? என்னம்மா இது, தூங்கிட்டாரா?"

"கொஞ்சமாத்தானே மருந்து கொடுத்தேன்...!"

ஐயோ, தூங்கலைடா! செத்துக்கிட்டிருக்கேன்!

கத்த முடியவில்லை. உயிர் பயம் உச்சந்தலைக்கு ஏறியது.

கீச்! கீச்! கீச்!

"முழிச்சுதான் இருக்கார்! பேச்சு போயிடுச்சு! டியூபைப் போடுங்க, சீக்கிரம்!"

கிளாம்பைச் சுற்றிக்கொண்டு டியூப் வழியே மூளைக்கு ரத்தம் பாய்ந்தது.

"தொண்ணூத்தெட்டு!" என்று அலறினார் அச்சகக்காரர்.

போன உயிர் திரும்பியது. அப்புறம்தான் உறைத்தது.

எந்தக் கையால் அமுக்கினேன்...?

மறுநாள் காலை வார்டில் சர்ஜன் வந்தார். பின்னாலேயே இன்ஸ்பெக்டரம்மா!

"கை வேலை செய்யுதுன்னு டாக்டர் சந்தோஷமா சொன்னார். விசாரிச்சுட்டுப் போகலாம்னு வந்தேன்."

அச்சகக்காரர் ராத்திரியே பதிலைத் தயார் செய்து வைத்திருந்தார்.

"டாக்டர், உங்க கைராசியே கைராசி! கத்தி வெச்சதும் செத்த கை எழுந்துடுச்சே!"

சர்ஜன் சங்கடமாய்த் தலையைச் சொறிந்தார்.

"அந்தப் பேரு எனக்கு வேண்டாம் சார். இந்த ஆபரேஷன் அடுத்த ஸ்ட்ரோக் வராம தடுக்கத்தான். விழுந்த கையை இது நிமிஷத்துல தூக்கி நிறுத்தாது. அதுவுமில்லாம, நீங்க வாத்தை அமுக்கினப்ப நான் அடைப்பையே தொடலையே... ரத்தத்தை நிறுத்தில்ல வெச்சிருந்தேன்!"

அச்சகக்காரரின் நாக்கு மறுபடி சுருண்டது. இந்த முறை கிளாம்ப் எதுவும் இல்லை.

இன்ஸ்பெக்டரம்மா இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தாள்.

"ஒத்தைக் கைக்கு எப்படி மாட்டறதுன்னு ஒரு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன் சார். வாத்து புண்ணியத்துல இன்னைக்கு ஜோடியாவே மாட்டிடறேன்!"