குறுக்குத் துணியின் மறுமுனை

ராஜாமணியின் இடுப்புக்கு அடியில் விரித்த குறுக்குத் துணியின் மறுமுனை, தூக்குவதற்குத் தயாராகச் சுருட்டப்பட்டிருந்தது. அதைச் சுருட்ட ஆயா பாஞ்சாலி அந்தப் பக்கம் போகவே இல்லை.

அறுபத்தெட்டாம் வருஷம், சித்திரை மத்தியானம். கரண்ட் போய் விசிறி நின்றுவிட, பினாயில் வாடையும் மூத்திர வாடையும் அசையாமல் ஆஸ்பத்திரி வார்டில் கிடக்க, ஒகேனக்கல் பஸ் உறுமிக்கொண்டு போன சத்தம் தேய்ந்து அடங்கியதும் ஈக்களைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. புளி மூட்டை வண்டியிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த ஏரியூர்ப் பெண் ராஜாமணி. இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் அவளைப் புரட்ட வேண்டும். பக்கத்துக்கு ஓர் ஆள் நின்று, துணியை உடம்போடு ஒட்டச் சுருட்டிப் பிடித்து, ஒரே மூச்சில். ஓர் ஆள் தூக்கினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இன்னோர் ஆள் அட்டெண்டர் சென்னப்பன். டீக்கடையில் கதையளந்துகொண்டிருப்பான். பாஞ்சாலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் இதே வார்டில் கிடந்த நோயாளி முனிராஜை இவன் தனியாக, அக்குளில் கைகொடுத்து வெடுக்கென்று தூக்கினான். கழுத்தில் மளுக்கென்று கேட்டது. காய்ச்சலில் செத்ததாக எழுதிவிட்டார்கள். ஆயா வேலை போய்விடும் என்று இவளும் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

"முதுவு எரியுதுங்க அக்கா."

"இரு கண்ணு. ஆள் வரட்டும்."

வரவில்லை. காற்றாவது படட்டும் என்று பாஞ்சாலி தன் பக்கத்து ஓரத்தை லேசாகத் தூக்கினாள். எதிர்ப்பக்கமும் அதே அளவு உயர்ந்தது.

அங்கே யாரும் இல்லை. துணியில் மட்டும் விரல் விரலாக மடிப்புகள். அவை இறுகின. முனிராஜ் நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் கற்பூர எண்ணெய் வாடை வந்தது. ஓடலாம். துணியை விட்டால் இந்தப் பெண் போய்விடுவாள். பாஞ்சாலி விடவில்லை.

ராஜாமணி நோகாமல் புரண்டாள். "இப்பத் தேவலைங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

செருப்புச் சத்தம். சென்னப்பன்.

"இன்னுமா பொரட்டற? தள்ளு. ஒக்கார வெச்சு வுட்டர்றேன், ஒரு ஆள் வேல." ராஜாமணியின் அக்குளுக்குக் குனிந்தான்.

"தொடாத. முனிராஜக் கொன்ன கை அது."

சொல்லியே விட்டாள்.

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. துணியில் இப்போது அந்த விரல் மடிப்புகள் இல்லை. அவன் காக்கிச் சட்டை, இரண்டு அக்குளிலும், விரல் விரலாக உள்ளே அமுங்கியது.

ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

"பாஞ்சாலி... புடி. காலப் புடி."

அவள் ஓர் அடி வைத்தாள். நின்றாள். அவன் கால்கள் தரைக்கு ஒரு சாண் மேலே. இரண்டு சாண். கழுத்து மட்டும் மெல்ல, மிக மெல்ல, பக்கவாட்டில் திரும்பிக்கொண்டே போனது.