திறந்தே இருக்கும் துப்பாக்கிகள்

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான், பழைய துப்பாக்கிகளுக்கு விலை போடும் மதிப்பீட்டுக்காரி அந்த வீட்டை அடைந்தாள். மலைச்சரிவின் மேல் பனிமூட்டம் எழுந்து போக மனமில்லாத விருந்தாளியைப் போல உட்கார்ந்திருந்தது. கேட்டைத் திறந்துவிட ஆளில்லை. அவளே இறங்கித் திறந்து, காரை உள்ளே விட்டு, மறுபடி இறங்கி மூடினாள். திறந்ததை மூடிவிடுவது அவள் சுபாவம்.

துப்பாக்கி விஷயத்தில் மட்டும் அது தலைகீழ். கைக்கு வரும் எதையும் முதலில் திறப்பாள். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் எஃகுத் துண்டான போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா உட்காரும் இடம் காலிதானா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். நேற்று ஒரு நாள் அது தவறியிருந்தது. கடையைப் பூட்டும் நேரத்தில் ஒருவர் ஓடிவந்து கொடுத்துவிட்டுப் போன துப்பாக்கியை, கான்வாஸ் உறையைக்கூட அவிழ்க்காமல் மூலையில் சாய்த்துவிட்டு வந்திருந்தாள். வழி நெடுகிலும் அது மனதுக்குள் முள்ளாக உறுத்தியது.

"வாங்க மேடம். வழி கண்டுபிடிக்க சிரமமா இருந்துச்சா?" வாசலுக்கு வந்தவர் வீட்டின் இளைய மகன். சின்னவர் என்றுதான் போனிலும் தன்னைச் சொல்லிக்கொண்டார்.

"வழி சுலபந்தான். முன்னால போன லாரிதான் வழியே விடல."

"சாயங்காலம் வாங்கற பார்ட்டி வந்துடுவார். உங்க சர்டிபிகேட் இல்லாம தொடமாட்டேங்கறார். சீக்கிரம் முடிஞ்சிடுமில்ல?"

"துப்பாக்கிங்க வாயைத் திறந்தா சீக்கிரம் முடிஞ்சிடும்."

தொழிலில் அவள் வழக்கமாகச் சொல்லும் ஜோக்குதான். எல்லோரும் சிரிப்பார்கள். சின்னவர் சிரிக்கவில்லை.

இருண்ட நடையின் கோடியில், பூட்டிய கதவு ஒன்றின் முன் ஒரு பெண் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். காலஞ்சென்ற மூத்த மகன் பெரியவரின் மனைவி.

"அண்ணி, நீங்க போய்ப் படுங்களேன்."

"படுத்தா மட்டும் தூக்கம் வந்து கொட்டப் போகுதாக்கும். என் பங்கும் இதுல இருக்கில்ல தம்பி? நானும் பாக்கறேன்."

சின்னவர் மதிப்பீட்டுக்காரியின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "அண்ணன் போனதுல இருந்து இவங்களுக்கு மனசு ஒரு நிலையில இல்ல. எதாவது சொல்வாங்க. காதுல போட்டுக்காதீங்க."

கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த சாவியை எடுத்து அவர் கதவைத் திறந்தார்.

முதலில் வந்தது வாசனை. எண்ணெய், பழைய தோல், பூட்டியே கிடந்த அறையின் ஈரம். அவற்றுக்கு அடியில் இன்னொன்று. தீக்குச்சி உரசி அணைத்த மாதிரி, மூக்கின் உச்சியில் குத்தும் வெடிமருந்து நெடி. நாள்பட்ட நெடி என்றால் புளித்துப் போயிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

இது புளிக்கவில்லை.

"யாராவது இப்ப சுட்டீங்களா?"

"அண்ணன் போன பிறகு இந்த ரூமை யாருமே திறக்கல," என்றபடியே சின்னவர் ஜன்னல் கதவைத் தள்ளினார். சாம்பல் நிற வெளிச்சம் உள்ளே விழுந்தது. தள்ளிய கை அப்படியே நின்றது.

சுவரெங்கும் வேட்டைத் துப்பாக்கிகள் படுக்கை வசத்தில் மாட்டியிருந்தன. எல்லாவற்றின் போல்ட்டும் பின்னால் இழுக்கப்பட்டிருந்தது. திறந்த ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒரு சிவப்பு நூல் தொங்கியது.

"அண்ணி!" சின்னவர் குரல் உடைந்தது. "என்ன வேலை இது?"

"சாவி உங்க கழுத்துல இருக்கு. என்னைக் கேட்டா?"

அவர் நூல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் திணித்தார். அண்ணியின் முகத்தில் ஆச்சரியம் துளியும் இல்லாததை மதிப்பீட்டுக்காரி கவனித்தாள். கள்ளச் சாவி ஒன்று இந்தப் பெண்ணிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. பங்கு பிரிக்கும் வீடுகளில் பொருளுக்கு ஏதாவது செய்து விலையைக் கெடுக்கிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள்.

மேஜையில் வெள்ளைத் துணியை விரித்து வேலையைத் தொடங்கினாள். சின்னவர் போனை எடுத்துக்கொண்டு நடைக்குப் போனார். அண்ணி மட்டும் கதவோரமாக நின்றாள்.

"மேடம்," என்றாள் மெல்ல. "தன்னை யாரு கையில எடுத்தாங்கன்னு துப்பாக்கிக்குத் தெரியுமா?"

"தேய்மானம் சொல்லும். கன்னம் பதிஞ்ச இடம், விரல் பட்ட இடம். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

சும்மா கேட்கிற கேள்வி இல்லை அது. மதிப்பீட்டுக்காரி நிமிராமலே கேட்டாள். "அந்தச் சிவப்பு நூல் என்ன?"

"அவரோட பழக்கம். துப்பாக்கியைத் துடைச்சு முடிச்சா, தோட்டா இல்லைன்னு காட்டறதுக்கு வாயைத் திறந்து ஒரு நூலை விட்டு வைப்பாரு. மூடின துப்பாக்கி இந்த வீட்டுக்குள்ளயே வரக்கூடாதும்பாரு. தம்பிக்குக் கேலி. துப்பாக்கிக்கு ரிப்பன் கட்டி ஸ்கூலுக்கு அனுப்பறியாண்ணான்னு சிரிப்பாரு." அவள் ஜன்னலோரம் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். "அப்படிப்பட்ட மனுஷன், அதோ அங்க உக்காந்து துடைக்கும்போது தோட்டா இருக்கறதை மறந்துட்டாராம். அவரைத் துளைச்ச குண்டு ஜன்னல் வழியாப் போய்ப் பள்ளத்துல விழுந்துடுச்சு, கிடைக்கல. வெடிச்ச தோட்டாவோட கூடு கிடைச்சுது. அதுல இருந்த ஊசித் தடம் அவர் துப்பாக்கியோடதுதான்னு போலீஸ் சோதிச்சுச் சொல்லிட்டாங்க. கவனக்குறைவுன்னு எழுதி மூடிட்டாங்க."

"உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?"

"என்னை விடுங்க. எங்க பொண்ணு நம்பல. அப்பா அவ்வளவு ஜாக்கிரதையாச்சே, அப்ப வேணும்னே பண்ணிக்கிட்டாராம்மா, நம்மளைப் பிடிக்கலையான்னு கேக்கறா. தினம் கேக்கறா." "இன்னைக்குச் சாயங்காலம் எல்லாம் வண்டி ஏறிடும். அதுக்கப்புறம் அவளுக்குச் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இருக்காது. வெறுமனே வித்தா ஏமாத்திடுவாங்க, மதிப்பு போடறவங்களைக் கூப்பிடுங்கன்னு நான்தான் தம்பியை அரிச்செடுத்தேன்."

கிளிக்.

இருவரும் திரும்பினார்கள். போல்ட் ஒன்று மெதுவாகப் பின்னுக்கு இழுபடும் ஓசை. ஜன்னலோரத்திலிருந்து வந்தது.

நாற்காலி காலியாகவே இருந்தது.

"பழைய வீடு," என்றாள் மதிப்பீட்டுக்காரி. தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது. "மரம் சுருங்கும்."

"ஆமா," என்றாள் அண்ணி. "தினமும் சுருங்குது."

கடைசியாக ஜோடித் துப்பாக்கிகள். அப்பா ஒரே நாளில் வாங்கி மகன்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தவை. அடுத்தடுத்த எண்கள். ஏழில் முடிவது அண்ணனுக்கு, எட்டில் முடிவது தம்பிக்கு. இப்படிப்பட்ட ஜோடி கிடைப்பது அபூர்வம். மதிப்பீட்டுக்காரிக்கு ஒரு கணம் பயம்கூட மறந்தது. இரண்டு போல்ட்டையும் உருவித் துணிமேல் வைத்தாள். குழலில் உள்ள எண்ணும் போல்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று விலை போடுகிறவர்கள் கட்டாயம் பார்ப்பார்கள். பொருந்தினால் முழு விலை, பொருந்தாவிட்டால் பாதி. மற்றவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

அண்ணனின் துப்பாக்கியிலிருந்து வந்த போல்ட் எட்டில் முடிந்தது.

தம்பியினுடையது ஏழில்.

எண்ணைப் படித்த லென்ஸை அவள் கீழே வைத்தாள். தோட்டாவின் பின்னால் அடித்துத் தடம் பதிக்கும் ஊசி போல்ட்டுக்குள்தான் இருக்கிறது. சோதித்தவர்கள் ஊசியைப் பார்த்தார்கள், எண்ணைப் பார்க்கவில்லை. பெரியவரைக் கொன்ற தோட்டாவை அடித்த ஊசி, எட்டில் முடியும் இந்தப் போல்ட்டுக்குள் இருந்தது. இந்தப் போல்ட் அன்று காலை வரை யாருடைய துப்பாக்கியில் இருந்தது?

தம்பியின் துப்பாக்கியைத் தூக்கக் குழலைப் பிடித்தாள். சுருக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

குழல் சூடாக இருந்தது.

அறையின் வெடிமருந்து நெடி முழுவதும் அதன் வாயிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"முடிஞ்சுதா மேடம்?" சின்னவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். ஏன் சாத்துகிறார்? அவளுக்கும் வாசலுக்கும் நடுவில் அவர் நின்றார். யோசிக்க நேரமில்லை. தெரிந்ததைக் காட்டிக்கொண்டால் இந்த அறையை விட்டு வெளியே போவது நிச்சயமில்லை. தொழில் பேசுவதுதான் ஒரே வழி.

"ஒரு சின்ன விஷயம் சார். இந்த ஜோடியில போல்ட் ரெண்டும் இடம் மாறி இருக்கு. துடைக்கும்போது மாறியிருக்கும்போல. இப்படியே இருந்தா பாதி விலைதான். மாத்திப் போட்டுட்டா விலை ரெட்டிப்பாயிடும். போட்டுடட்டுமா?"

"வேணாம்!"

அறையே அதிர்ந்தது. அவருக்கே தன் குரல் அதிகமாகப் பட்டிருக்க வேண்டும். "இருக்கற மாதிரியே இருக்கட்டும். பாதி விலைக்கே எழுதுங்க," என்றார் தாழ்ந்த குரலில்.

அண்ணி கதவோரத்திலிருந்து ஓர் அடி முன்னால் வந்தாள். "காப்பிப்பொடி விலையில பைசா பாத்து சண்டை போடற ஆளாச்சே. ரெட்டிப்பு விலை ஏன் தம்பி வேணாம்?"

சின்னவர் வாயைத் திறந்தார்.

கிளிக்.

மேஜைமேல், வெள்ளைத் துணி வெறுமையாக இருந்தது. இரண்டு போல்ட்டும் துப்பாக்கிகளுக்குள் இருந்தன. எண்ணெய் மினுங்கும் எஃகில் எண்கள் தெளிவாகத் தெரிந்தன. ஏழோடு ஏழு. எட்டோடு எட்டு.

இனி சோதித்தால் ஊசித் தடம் தம்பியின் துப்பாக்கியைத்தான் காட்டும். சின்னவர் பாய்ந்து வந்தார். இரண்டையும் உருவினார், மாற்றிச் செருகினார், குனிந்து பார்த்தார்.

ஏழோடு ஏழு. எட்டோடு எட்டு.

"நீங்கதானே... நீங்க மாத்தினீங்க..."

மதிப்பீட்டுக்காரி இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினாள். அவர் மறுபடி உருவினார். இந்த முறை கண்ணை எடுக்காமல், உதடு அசைய எண்ணைப் படித்தபடியே, எட்டை ஏழுக்குள் தள்ளினார். அவளும் பார்த்துக்கொண்டே இருந்தாள். எட்டு என்று பொறித்த எஃகு குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. உள்ளே போய் நின்றபோது ஏழாக இருந்தது.

மறுபடி. மறுபடியும்.

எந்தக் கை எதைச் செருகினாலும் அது தன் இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. வியர்வை சொட்டியது. தம்பியின் துப்பாக்கிக் குழலைத் தொட்டபோதெல்லாம் அவர் விரல்கள் பொரிந்தன. அவர் விடவில்லை. கடைசியில் போல்ட் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. உருண்டு, ஜன்னலோர நாற்காலிக்கு முன்னால், யாரோ செருப்புக் காலால் தடுத்த மாதிரி நின்றது.

சின்னவர் நிமிர்ந்து அந்த நாற்காலியைப் பார்த்தார். அவள் கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

"அண்ணா," என்றார், சின்னப் பையன் மாதிரி. "நம்ம நிலத்தை வித்துடலாம்னு எத்தனை தடவை உன் கால்ல விழுந்தேன். நீ திரும்பிக்கூடப் பாக்கலயேண்ணா. துடைச்சுக்கிட்டே இருந்தியே..."

அண்ணி அழவில்லை. போனை எடுத்தாள். போலீஸிடம் பேசி முடித்துவிட்டு, இன்னொரு எண்ணை அழுத்தினாள். "கண்ணம்மா, அம்மா பேசறேன். அப்பா வேணும்னு பண்ணிக்கலடி. மறந்தும் பண்ணல. அப்பா நம்மளை விட்டுப் போகணும்னு நினைக்கவே இல்ல." அதற்கப்புறம்தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

வாங்க வந்தவர் கேட்டிலேயே போலீஸ் வண்டியைப் பார்த்துத் திரும்பிப் போனார்.

மறுநாள் காலை மதிப்பீட்டுக்காரி கடைக்குப் போனாள். பூட்டு அவள் பூட்டியபடியே இருந்தது. முதல் வேலையாக அந்தக் கான்வாஸ் உறையைத் திறந்து பார்த்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தாள். ஷட்டரைத் தூக்கினாள்.

உள்ளிருந்து எண்ணெய் வாசனையும், ஒரு மலைவீட்டின் ஈரமும் வந்தன.

கான்வாஸ் உறை நான்காக மடித்து நாற்காலிமேல் வைக்கப்பட்டிருந்தது. துப்பாக்கி மேஜைமேல் கிடந்தது. போல்ட் முழுசாகப் பின்னால் இழுக்கப்பட்டிருந்தது.

அதற்குப் பக்கத்தில், கடை மேஜையில் விரித்திருந்த வெள்ளைத் துணியின் நட்டநடுவில், அந்தத் துப்பாக்கிக்குள் இத்தனை நேரமும் இருந்த வெடிக்காத தோட்டா ஒன்று நிமிர்ந்து நின்றது.

அவள் நெருங்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள். துப்பாக்கியின் திறந்த வாயிலிருந்து ஒரு சிவப்பு நூல் மேஜை விளிம்பைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில், இப்போதுதான் யாரோ போட்டு முடித்ததைப் போல, ஒரு முடிச்சு மெல்ல இறுகிக்கொண்டிருந்தது.