பூசணிக்கு மசியாத கல்

பழம்பெரும் நகரம் ஒன்று தன் இரகசியத்தை ஒப்படைக்க ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஒரு மனிதனைத் தேர்ந்தெடுக்கும். இங்கிலாந்தின் யோர்க் நகரம் தேர்ந்தெடுத்தது, கனடாவிலிருந்து சுற்றுலா வந்த மல்வேர்ன் தில்லையம்பலத்தை. அவர் அங்கே நின்றது நாலு மணித்தியாலம். அதில் ஒன்று கழிப்பறை வரிசையில் போயிற்று.

கோட்டை வாசலில் வழிகாட்டிப் பெண், துரோகிகளின் தலைகளை இங்கேதான் ஈட்டியில் குத்தி வைத்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தில்லையம்பலம் கேட்கவில்லை. மதிலில் ஆடிக்கொண்டிருந்த ஒரு கல்லைக் கார்ச் சாவியால் நெம்பிக்கொண்டிருந்தார். கல்லில் மூன்று கீறல்கள். தமிழ் வீரனுக்கு நட்ட நடுகல் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. உள்பெனியனில் சுற்றி ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்தார்.

ஞாயிறன்று ஸ்காபரோ மண்டபத்தில், கல்லைப் பற்றிய அவருடைய ஆய்வு வெளியீடு. சனி பின்னேரம், வீட்டின் கீழ்த்தள பேஸ்மென்றில், கல்லுக்கு முன்னால் நீற்றுப்பூசணியோடு நின்றார். மனைவி மங்கையற்கரசி பாதிப் படியில் நின்றாள்.

“இஞ்சாருங்கோ, உந்தக் கல்லு பச்சை இறைச்சி மணக்குது.”

“பழைய சாமானப்பா. பின்னை மல்லிகைப்பூவே மணக்கும்?”

“கழுவினன். சிவப்பாய் ஓடுது.”

“அது இரும்புச்சத்து.”

நல்ல காரியத்துக்கு முன் பூசணி வெட்டுவது வழக்கம். ஒரு காலத்தில் தலை கேட்ட எங்கள் தெய்வங்கள், பூசணியைத் தலையென்று வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கப் பழகியவை. இந்தக் கல்லுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

தில்லையம்பலம் குங்குமம் பூசி, மேடைக் குரலில், “தலை தருகிறேன், ஏற்றுக்கொள்,” என்று வெட்டினார்.

பூசணிக்குள் விதை இல்லை.

மயிர் இருந்தது. ஈரமான, செம்பட்டை மயிர்.

சின்ன ஜன்னலில் வெயில் அப்படியே இருந்தது. உள்ளே மட்டும் இருண்டது. கல்லில் இரும்பைத் தீட்டும் சத்தம், மெதுவாக, அவசரமே இல்லாமல், சுவரைச் சுற்றி வந்தது.

அவருடைய காதோரம் ஒரு குரல் ஆங்கிலத்தில் கேட்டது.

“யாருடைய தலை?”

“இது… சும்மா பூசணி,” என்றார்.

கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவருடைய இடது கையைப் பிடித்துக் கல்லின்மேல் விரித்தது. ஒவ்வொரு விரலாக முறித்தது. முருங்கைக்காய் முறிக்கிற சத்தம்.

“யாருடைய தலை?”

தில்லையம்பலம் வலது கையைத் தூக்கிப் படியைச் சுட்டினார்.

முப்பத்தெட்டு வருட மணவாழ்க்கையில் அவர் மனைவியை முன்னுக்கு விட்டது அதுதான் முதல்தடவை.

குளிர்ந்த விளிம்பொன்று மங்கையற்கரசியின் தொண்டையில் பதிந்தது. இரத்தம் சட்டைக்குள் இறங்கியது. அவள், தன் ஆங்கிலத்தைத் திருத்தியே காலம் கழித்த மனிதரைப் பார்த்தபடி, ஒரு பிழையுமில்லாத ஆங்கிலத்தில், “கல்லைக் களவெடுத்தது அவர்,” என்றாள்.

விளிம்பு விலகியது.

ஒரே வீச்சு.

தில்லையம்பலத்தின் தலை, துணி காயவைக்கும் மெஷினில் மோதி, சுவரடியில் போய் நின்றது. கழுத்திலிருந்து பீறிய இரத்தம் கூரை லைட்டை நனைத்தது. உடல் விழ நேரம் எடுத்தது. விழுந்த பிறகும் வலது கை மடங்கவில்லை.

பூசணிக் கத்தியால் இப்படி வெட்ட ஏலாது என்று பொலிஸ் சொன்னது. வேறு கத்தி கிடைக்கவில்லை.

மரணச்சடங்கு மண்டபத்தில், கழுத்துத் தையலை மறைக்க, சங்கத் தலைவர் கிளிபோட் பொன்னாடை போர்த்தினார். உயிரோடு இருக்கையில் தில்லையம்பலம் அலைந்தது அதற்காகத்தான். நீட்டிய கையைத்தான் ஒருவராலும் இறக்க முடியவில்லை. அது பெட்டிக்கு மேலாக முன்வரிசையை, மங்கையற்கரசியைச் சுட்டிக்கொண்டிருந்தது.

கழுத்தில் கட்டோடிருந்த அவள் எழுந்து இடப்பக்கக் கதிரைக்குப் போனாள்.

“குடும்பத்தையே உயிராய் நேசித்த எங்கட அண்ணை…” என்று தொடங்கிய கிளிபோட் நிறுத்தினார்.

பிணத்தின் கோட்டுத் தையல் தெறித்தது. கை மெதுவாக இடப்பக்கம் திரும்பியது.

அவள் கடைசி வரிசைக்குப் போனாள். கையும் போயிற்று.

இறுதிக்கிரியை லண்டனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேரலையில் போய்க்கொண்டிருந்தது.