ஒரு கயிறும் அறவில்லை

ரீபா தையற்கடைப் படியேறி வருவதைப் பார்த்ததும் அலி அஸ்கர் தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே நூல் கோத்திருந்த ஊசியில் மறுபடியும் கோக்க ஆரம்பித்தார். காலையிலிருந்து வாட்ஸப் குரூப்பில் ஓடிக்கொண்டிருந்த சேதி அவருக்கும் வந்திருந்தது. என்ன பதில் போடுவதென்று தெரியாமல் அவர் ஒன்றுமே போடவில்லை. அதையும் ஒரு பதிலாகத்தான் அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"அக்கா இருக்காவளா, அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

மேலப்பாளையத்தில் அந்தக் கடைக்குப் பின்கட்டுதான் வீடு. அலி அஸ்கரின் மனைவி நஸீமா, தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்காக நெடுங்காலம் சரக்குச் சேதம் பார்த்தவர். தானாக நனைந்த மூட்டை எது, பணத்துக்காக நனைத்த மூட்டை எது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார். வேலையை விட்ட பிறகும், தெருவில் சங்கிலி தொலைந்தாலும் ஆடு தொலைந்தாலும் ஆட்கள் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். அந்த விசாரணைகளுக்கெல்லாம் அலி அஸ்கரும் கூடவே போவார். மனைவி வாயைத் திறப்பதற்குள் மூன்று பேரைக் குற்றவாளியாக்கிவிடுவார்.

கொடுத்த மோரைக்கூடத் தொடாமல் ரீபா விஷயத்தைச் சொன்னாள்.

பாளையங்கோட்டையில் தேவசிகாமணி வீட்டு மாடியில் நாலு பேர் கூடி மரத்தில் சின்னக் கப்பல்கள் செய்கிறார்கள். பொழுதுபோக்குத்தான், ஆனால் அவர்கள் காதுபட அப்படிச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. தேவசிகாமணி பல் கட்டும் லேப் வைத்திருப்பவர். ரீபா அந்த லேபில் தங்கப் பல் வார்க்கிறவள். மூன்றாவது ஆள் அலி அஸ்கர். நாலாவது நடராஜ், விக்கிரமசிங்கபுரம் பக்கத்து நூல் மில் ஒன்றில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பேசினாலும் மில்லில் கொண்டுபோய் முடிப்பார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே ஈரக்காற்று ஊதி ஐப்பசி மாதம் போல் ஆக்கி வைப்போமாக்கும் என்பதை வாரம் தவறாமல் சொல்வார். தோளில் கோடு போட்ட துண்டு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

அவர் இரண்டு வருஷமாக உயிரைக் கொடுத்துச் செய்தது ஒரு தூத்துக்குடித் தோணி, கடலில் சரக்கேற்றிப் போகும் பாய்க்கப்பல். மூன்று பாய்மரம். மில் நூலைத் தன் கையாலேயே முறுக்கிக் கயிறாக்கி அத்தனை மரத்தையும் இழுத்துக் கட்டியிருந்தார். சனிக்கிழமை இரவு அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியபோது முழுசாக இருந்தது. ஞாயிறு காலையில் நடுப் பாய்மரம் ஒடிந்து கிடந்தது. கண்ணாடியில் கீறல் இல்லை. பூட்டும் பூட்டினபடியே இருந்தது. பெட்டிக்கு ஒரே சாவி. அதை வாரம் ஒருவர் வைத்திருப்பார். இந்த வாரம் ரீபாவின் முறை.

"சாவி ராத்திரி முழுக்க எங்கிட்டதான் இருந்து, அக்கா. அதை நான் இல்லைன்னு சொல்லல. ஆனா பெட்டிய நான் தொறக்கல. சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்கிட்டா மன்னிச்சிருவாவளாம். இல்லன்னா நாளைக்கு லேபுக்கு வர வேண்டாம்னுட்டாவ சார். தங்கம் கையாளுத வேலைல்லா, நம்பிக்கை போச்சுன்னா போச்சுன்னு சொல்லுதாவ."

வேலை மட்டும் போவதென்றால்கூட அவள் சமாளித்துவிடுவாள். இந்தப் பேரோடு வெளியே போனால் திருநெல்வேலி ஜில்லாவில் வேறு எந்த லேபில் அவள் கையில் தங்கத்தைக் கொடுப்பார்கள்? அதை அவள் சொல்லவில்லை. அலி அஸ்கருக்கே அது உறைத்தது.

முந்தின நாள் ஏதாவது சண்டையா என்று நஸீமா கேட்டார்.

"சண்டையெல்லாம் இல்லக்கா. கயித்தை இம்புட்டு இறுக்கிக் கட்டியிருக்கியளே அண்ணாச்சி, இந்த வெயிலுக்கு ஒரு நாள் அறுந்துரும்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாவ. அண்ணாச்சிக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு."

நஸீமா எழுந்து புர்காவை மாட்டிக்கொண்டார். அலி அஸ்கர் அதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டிருந்தார்.

மாடி அறை அடுப்பு மேல் வைத்த சட்டி போலக் காய்ந்து கிடந்தது. தேவசிகாமணி சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டி, காலையில் ரீபாவிடமிருந்து வாங்கியதிலிருந்து பெட்டியை யாரும் திறக்கவில்லை, தானும் திறக்கவில்லை என்றார். நஸீமாவை அவருக்குப் பிடிக்கும். ஆனாலும் சாவியும் பூட்டும் இருக்கும்போது விசாரிக்க என்ன இருக்கிறது என்பது அவர் குரலில் தெரிந்தது. இரவு எல்லோரும் இறங்கிய பிறகு யாராவது மேலே வந்தார்களா என்று நஸீமா கேட்டார். நடராஜ் அண்ணாச்சி மட்டும் போன் சார்ஜரை மறந்துவிட்டேன் என்று ஏறி, கொஞ்ச நேரத்தில் இறங்கிப் போனாராம். அவரிடம் சாவி ஏது?

நடராஜ் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முகத்து வியர்வையைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ளைக்கு எம்மேல என்ன கோவம்னு கேளும் வே, அலி. எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்லா" என்றார். அலி அஸ்கருக்கு அவரைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது, ரீபாவைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது.

நஸீமா கண்ணாடிக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். நடுமரம் உச்சியிலிருந்து ஒரு சாண் கீழே ஒடிந்து, பின்பக்கமாகச் சாய்ந்து, தன் கயிறுகளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. முன்மரமும் பின்மரமும் நிமிர்ந்து நின்றன. ஆனால் அவற்றின் கயிறுகள் துணி காயப்போடும் கொடி போலத் தொய்ந்திருந்தன.

காலையில் படம் எடுத்தீர்களா என்று நஸீமா கேட்டதும் தேவசிகாமணி போனை நீட்டினார். படம் கொஞ்சம் மங்கலாக வந்துவிட்டது, லென்ஸைத் துடைக்காமல் எடுத்துவிட்டேன் என்றார். அலி அஸ்கரும் எட்டிப் பார்த்தார். பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கிய காலண்டரில் பைபிள் வசனம் எழுத்துப் பிசகாமல் படிக்க முடிந்தது. கண்ணாடிக்குள்தான் லேசாகப் புகை படிந்தாற்போல் இருந்தது; கயிறுகள் கோடு கோடாகத் தெரிந்தன.

"கள்ளச் சாவிதான்" என்று அலி அஸ்கர் மனைவியின் காதில் சொன்னார். அவர் கண்டுகொள்ளாததால் வழியை மாற்றி, இரவு பக்கத்துக் கோயில் கொடை விழாவில் போட்ட வெடியின் அதிர்ச்சியாக இருக்கலாம் என்றார். "அப்ப ஷெல்ஃபுல நிக்குத உங்க கப்பல் ஏன் விழல?" என்று நஸீமா கேட்டார். அதோடு அந்த வழியும் அடைபட்டது.

பெட்டிக்கு அடியில் பூட்டில்லாத ஓர் இழுப்பறை இருந்தது. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் வேப்பிலையும் கற்பூரமும் போடுவார்கள். வாடை மேலே ஏற, நடுப்பலகையில் துளை போட்டிருந்தது. நஸீமா சொல்லி அலி அஸ்கர் அதை இழுத்தார். இலையும் கற்பூரமும் கிடந்தன. மடித்த துணி ஒன்றும் கிடந்தது. துடைக்கிற துணியாக இருக்கும் என்று தேவசிகாமணி சொன்னார். அலி அஸ்கர் எடுத்துப் பார்த்தார். அப்பளம் போல விறைத்துக் காய்ந்திருந்தது. உதறியும் பத்துப் பதினைந்து வேப்பிலைகள் அதைவிட்டுப் போகவில்லை. மடிப்போடு மடிப்பாக அப்பிக்கொண்டிருந்தன.

நஸீமா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு எல்லோரையும் உட்காரச் சொன்னார். பின்னாலேயே வந்திருந்த ரீபா மட்டும் வாசலை விட்டு உள்ளே வரவில்லை.

"அண்ணாச்சி, அந்த மில் நூல் மிச்சம் இருக்கா?"

நடராஜ் பையிலிருந்து முறுக்கிய கயிற்றை எடுத்தார். ஒரு மரக்கட்டையில் துளை போட்டுக் காய்ந்த ஈர்க்கு ஒன்றை நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து கட்டையின் நுனிக்குக் கயிறு கட்டச் சொன்னார் நஸீமா, தோணியில் கட்டின அதே இறுக்கத்தில். கோபத்திலும் நடராஜின் விரல் பிசகவில்லை. ஈர்க்கு நேராக நின்றது. நஸீமா கைக்குட்டையைத் தம்ளர் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கயிற்றின் மேல் போட்டார்.

"இது ஆகுததுக்குள்ள நான் பாத்ததைச் சொல்லிருதேன். ஒரு ஆள் கைய விட்டு மரத்தை ஒடிச்சிருந்தா நாலு கயிறாவது அறுந்திருக்கணும். உள்ள ஒரு கயிறும் அறல. இது ஒண்ணு. காலைல எடுத்த படத்துல, ஒடியாத ரெண்டு மரத்துக் கயிறும் விறைச்சுக்கிட்டு நிக்கி. இப்ப தொங்குது. நடுவுல பெட்டிய யாரும் தொறக்கல, சாவி சார் பையில. அப்ப கயிறு தானாத்தான் நீண்டிருக்கு. பகல்ல தானா நீண்ட கயிறு ராத்திரி தானா சுருங்கியும் இருக்கும்லா?"

அலி அஸ்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் பருத்தித் துணியை நனைத்துக் காயப்போட்ட பிறகே வெட்டுகிறவர் அவர். "ஈரம்" என்றார். முதல் தடவையாக மனைவி அவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஈரம்தான். முறுக்கின பருத்திக் கயிறு ஈரம் பட்டா பருக்கும்; பருத்தா நீளம் குறையும். மழை வருதுன்னா தோணிக்காரங்க முதல்ல கயித்தைத்தான் தளத்தி விடுவாங்க. இல்லன்னா மரத்தையே இழுத்துச் சாச்சிரும். சார் லென்ஸ் அழுக்கு இல்ல. காலைல கண்ணாடிக்கு உள்பக்கம் நீராவி படிஞ்சிருந்து. இந்தத் துணியப் பாருங்க. காஞ்ச துணியில காஞ்ச இலை ஒட்டாது. உள்ள வைக்கும்போது இது சொட்டச்சொட்ட நனைஞ்சிருக்கு. ராத்திரி பூரா ஈரம் துளை வழியா மேல ஏறியிருக்கு. பகல் வெயில்ல துணியும் காஞ்சு, கயிறும் தளந்துட்டு. இதுக்குப் பூட்டையும் தொறக்க வேண்டாம், சாவியும் வேண்டாம்."

"நஸீமா, அங்க பாரு" என்றார் அலி அஸ்கர் மெல்ல.

கட்டையில் ஈர்க்கு வளைந்திருந்தது. யாரும் தொடாமல், ஈரக்கயிறு இழுத்த பக்கம் பைய வளைந்துகொண்டிருந்தது. தேவசிகாமணி நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். நடராஜ் வைத்த கண் எடுக்கவில்லை.

"அப்ப இதை வச்சவன் யாரு? யாரு வே என் தோணிக்கு இப்படி..." என்று நடராஜ் எழுந்தார்.

நஸீமா அவருக்கு நேராகப் பதில் சொல்லவில்லை. "அண்ணாச்சி, உங்க மில்லுல நூல் அறாம இருக்க என்ன செய்வாவ?"

"காத்துல ஈரம் ஏத்தி வைப்போம். வறண்ட காத்துல நூலு பட்டுபட்டுன்னு அறும், ஈரம் இருந்தாத்தான் தாங்கும். கோடைல ஜன்னலுக்கெல்லாம் சாக்கை நனைச்சு..."

அவர் கை தன் வெறும் தோளைத் தடவியது. அப்போதுதான் அலி அஸ்கருக்கு, தாங்கள் வந்ததிலிருந்து அவர் சட்டைக் கையால் வியர்வை துடைப்பது உறைத்தது. நஸீமாவின் மடியில் கிடந்த துணியில் கோடு போட்டிருந்தது.

சொல்ல வேண்டியவர் சொல்லட்டும் என்று நஸீமா காத்திருந்தார். நடராஜ் சொல்லாமல் எழுந்து போய்விட்டால் ரீபாவின் கதி என்ன என்று அலி அஸ்கர் வாசலைப் பார்த்தார்.

"துண்டு என்னுது" என்றார் நடராஜ்.

பிறகு வாசலைப் பார்த்துப் பேசினார். "நீ அறுந்துரும்னு சொன்னியா தாயி, எனக்குப் பக்குனு ஆயிட்டு. சார்ஜரு ஒரு சாக்கு. மேல வந்து துண்டை நனைச்சு அடி இழுப்பறையில வச்சிட்டுப் போனேன். முப்பது வருசமா செஞ்ச வேலை. அது ஒரு காரியம்னே மனசுல நிக்கல. காலைல மரம் கிடந்த கோலத்தைப் பாத்ததும் உம்மூஞ்சிதான் முன்னால வந்து. நூலு அறக்கூடாதுன்னு மட்டும்தான் நினைச்சேன்."

மில்லில் ஈரம் நூலைக் காப்பாற்றும். இங்கேயும் அது நூலைக் காப்பாற்றிவிட்டது, மரத்தைத்தான் காப்பாற்றவில்லை.

தேவசிகாமணி எழுந்து ரீபாவிடம் போய்ச் சாவியை நீட்டினார். நடந்ததை மறந்துவிட்டு நாளைக்கு வழக்கம்போல் வந்துவிடு என்றார். ரீபா கையை நீட்டவில்லை.

"காலைல குரூப்புல எம்பேரைப் போட்டு எழுதுனிய, சார். அதுல லேபுக்காரங்க இருக்காவ, தூத்துக்குடிக்காரங்க இருக்காவ. இப்ப இங்கன நாலு சுவத்துக்குள்ள வந்துருன்னு சொன்னா எப்படி வருவேன்?"

தேவசிகாமணியின் முகம் கறுத்தது. அவர் போனை எடுப்பதற்குள் நடராஜ் தன் போனை எடுத்துவிட்டார். தட்டச்சுச் செய்ய அவருக்கு வராது. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மரம் ஒடிந்தது தன்னால்தான், ரீபா பெட்டியைத் தொடவே இல்லை, அவள் மேல் பழி போட்டது தன் புத்திகெட்டதனம் என்று, பேர் சொல்லி, நிறுத்தி நிறுத்திப் பேசினார். அதன் கீழேயே தேவசிகாமணி, ரீபா சொன்னதை நம்பாமல் போனதற்காக மன்னிப்புக் கேட்டு எழுதினார். அறையிலிருந்த போன்கள் ஒவ்வொன்றாக மணி அடித்தன. இந்தத் தடவை முதல் பதில் அலி அஸ்கருடையது. காலையிலேயே கேட்டிருக்க வேண்டும், கேட்காதது தப்பு, மன்னித்துக்கொள் தங்கச்சி என்று போட்டார்.

ரீபா அதையெல்லாம் கேட்டும் வாசித்தும் முடித்தாள். பிறகு அவள் வந்து சாவியை வாங்கிப் பெட்டியைத் திறந்தாள். ஒடிந்த மரத்தை அதன் கயிறுகளிலிருந்து பதமாக விடுவித்துக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஒட்டிரலாம், அண்ணாச்சி" என்றாள். "கயித்தை மட்டும் இந்தத் தடவை நான் கட்டுதேன்."