தேவ்காட்டேயின் மச்சம்

நிலாக் குடியிருப்பில் இறந்தவர்கள் பதினாறாம் நாள் வீடு திரும்புவார்கள். அன்று யாரும் அழுவதில்லை. காலையிலேயே குளித்து, காற்றுக் குழாயின் வடிகட்டியை மாற்றி, பாயசம் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள், "என்ன, வந்துட்டாங்களா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

வருவது நிழல்தான். கூட வாழ்ந்தவரின் நினைவை எடுத்து ஒளியில் நெய்வார்கள். நிழல் நெசவு என்று அதற்குப் பெயர். ஆரம்பத்தில் புகைப்படங்களை வைத்து நெய்து பார்த்தார்கள். அந்த நிழல்கள் கல்யாண ஆல்பத்தில் சிரிப்பதைப் போலவே நாள் முழுக்கச் சிரித்து வீட்டாரின் தூக்கத்தைக் கெடுத்ததால் அந்த முறையைக் கைவிட்டார்கள். நினைவில் நெய்தவை அப்படியல்ல. நடக்கும், கோபித்துக்கொள்ளும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும்.

திருவேங்கடத்துக்கு அது போதும். மனைவி மங்கையர்க்கரசி ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தால் போதும். அவள் போன நாளிலிருந்து ஒரு பயம் அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினால் அவள் முகம் வரவில்லை. துக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மகள் நன்முல்லையிடம்கூட வாய் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காலை நெசவகத்துப் பெண் அவர் தலையில் நினைவு வலையை மாட்டினாள்.

"கடைசி அஞ்சாறு வருசம்தான் தெளிவா வரும், அய்யா. பழசெல்லாம் சாயம் போயிருக்கும். வீட்டை நெனச்சுக்கங்க."

திருவேங்கடம் வீட்டை நினைத்தார். நெசவகக் கூடத்தின் நடுவில் ஒளி திரண்டது. கிரிக்கெட் மட்டையை ஓங்கியபடி ஓர் ஆள் நின்றார்.

"இது யாரு?" என்றாள் அந்தப் பெண்.

"தேவ்காட்டே," என்றார் அவர், தன்னை அறியாமல். "இடதுகை ஆட்டக்காரர். காதோரம் ஒரு மச்சம் இருக்கும், பாருங்க."

இருந்தது.

கூட வந்திருந்த நன்முல்லை தலையைத் திருப்பிக்கொண்டாள். சாத்தூரில் அப்பா பையனாக இருந்தபோது பபுள்கம் வாங்கினால் கிரிக்கெட் அட்டை ஒன்று கிடைக்கும். பபுள்கம்மைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு அட்டையை மட்டும் சேர்த்தவர் அவர். நிலாவுக்கு வேலைக்கு வந்ததும் எல்லாம் மறந்துபோனது. ஆறு வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்ற மாதம், பூமியிலிருந்து அத்தை அனுப்பிய சரக்குப் பெட்டிக்குள் அந்தத் தகர டப்பா இருந்தது. அதைத் திறந்த அன்று குனிந்த தலைதான். அணிவாரியாக அடுக்குவார், கலைப்பார், ஓட்டவாரியாக அடுக்குவார். சாப்பாட்டு மேசையிலும் அட்டைதான், படுக்கையிலும் அட்டைதான்.

"சரி, இப்ப அம்மாவ நெனைங்க."

மறுபடி ஒளி திரண்டது. ஒரு கை தெரிந்தது, டம்ளரை வைத்தது. 'காப்பி ஆறுது' என்றது ஒரு குரல். அடுத்து, சேலைக்கரை ஒன்று ஓரமாக நகர்ந்தது. அதே குரல், 'சொல்றது கேக்குதா?' என்றது. தோளுக்கு மேலே வெறும் இருட்டு. அந்தப் பெண் என்னென்னவோ திருகிப் பார்த்தாள். இருட்டு இருட்டாகவே இருந்தது.

"நிமிந்து பாத்திருந்தாத்தானே அய்யா முகம் பதியும்?" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. திருவேங்கடம் உடைந்துபோனார்.

"முல்லை, எனக்கு அவ முகம் வேணும்டி. எப்படியாவது வரவைக்கச் சொல்லு."

நன்முல்லை அவர் தலையிலிருந்து வலையைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். வாராவாரம் வந்துபோனவள்தானே. கொஞ்ச நேரத்தில் மங்கையர்க்கரசி முழுசாக வந்து நின்றாள். நரைத்த முன்முடி, ஒற்றைக்கல் மூக்குத்தி, எதையோ சொல்ல வந்து அடக்கிக்கொண்ட உதடு. "அரசி!" என்று திருவேங்கடம் வாய்விட்டு அழுதார்.

"ஏன் அம்மா ஒரே பக்கமா பாக்குறாங்க?" என்று கேட்டாள் நெசவகத்துப் பெண்.

"அது அப்பா உக்காந்திருக்குற பக்கம்," என்றாள் நன்முல்லை.

அன்று சாயங்காலமே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பாயசம் குடித்துவிட்டு, "அச்சு அசல் அப்படியே இருக்காங்க" என்று சொல்லிப் போனார்கள். நன்முல்லையும் கிளம்பினாள். வீட்டில் இரண்டு பேர் மட்டும் மிச்சம்.

அரசி அடுக்களை வாசலில் நின்று அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. வேலை முடிந்து அவர் எப்போது நிமிர்வார் என்று காத்திருக்கும் பார்வை.

திருவேங்கடம் நிமிர்ந்து பார்த்தார். கேட்ட முகம் கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு நிமிஷம்கூட அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

"சாப்ட்டியா, அரசி?" என்றார். நாற்காலி மாறி உட்கார்ந்தார். அவள் கண்ணும் கூடவே வந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். முதுகில் அந்தப் பார்வை ஊர்ந்தது. வேர்த்துக் கொட்டியது அவருக்கு. ஆயுசுக்கும் இவள் இங்கேதான் நிற்பாள்.

டப்பாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து அட்டைகளை அடுக்க ஆரம்பித்தார். அப்போதுதான் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.