ஒரு கரண்டி கேவியார், ஒரு துண்டு ஈயம்

"வீ...ல்ல்ல்!"

வோல்கா நதிக்கரை நகரமான அஸ்திரகானின் அந்தக் கல்யாண மண்டபமே அதிர்ந்தது.

மாப்பிள்ளையின் அம்மா பெலகேயா, தாடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியோடு மல்லாந்தாள். வாயெல்லாம் கறுப்புக் கேவியார்!

"விஷம்...! சம்பந்தி எனக்கு விஷம் வச்சுட்டார்!"

விருந்துக்கு வந்திருந்த போலீஸ் கேப்டன் நோன்னா ஓடி வந்தாள். பெலகேயா துப்பியதைக் கரண்டியால் கிளறினாள். மீன் சினைக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு...

"ஈயம் மாதிரி இருக்கே! மிஸ்டர் எவ்சேய், இது எப்படி உள்ளே வந்தது?"

பெண்ணின் அப்பா எவ்சேய்க்கு வேர்த்தது. பண்ணையில் வளர்த்த மீனின் கேவியார் வைத்தால் பையனைத் திரும்பக் கூட்டிப் போய்விடுவேன் என்று பெலகேயா முன்பே மிரட்டியிருந்தாள். ஆற்று மீன் கேவியார்தான் வேண்டுமாம். கேவியார் தரும் ஸ்டர்ஜன் மீனை ஆற்றில் பிடித்தாலோ ஜெயில்!

எவ்சேய் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆத்து மீன்னா அப்படித்தான் மேடம்! வோல்காவுல எத்தனை ஃபேக்டரிக் கழிவு கலக்குது? ஈயம், பாதரசம் எல்லாம் சினைக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். பண்ணை மீனுக்கு ஏது இந்த பாக்கியம்?"

"அப்ப திருட்டு மீன்னு ஒத்துக்கறீங்க?"

"ஒத்துக்கறேன்! விலங்கை மாட்டுங்க!"

"அப்பா...!" மணப்பெண் அக்லாயா அலறினாள்.

"சும்மா இரும்மா. மானம் போறதுக்கு ஜெயிலே தேவலை!"

தரையில் கிடந்த பெலகேயா ஒரு கண்ணைத் திறந்தாள்.

"நிஜமாவே ஆத்து மீனா? அப்ப இன்னொரு கரண்டி குடுங்க..."

ரிப்போர்ட் வரட்டும், விலங்கை அப்புறம் பார்க்கலாம் என்று நோன்னா கேவியாரையும் துண்டையும் லேபுக்கு அனுப்பினாள்.

மறுநாள். இரண்டாம் நாள் விருந்து. பெலகேயா வாயில் கைக்குட்டையோடு வந்திருந்தாள்.

நோன்னாவின் போன் அலறியது. கேட்டாள். சிரித்தாள்.

"கேவியார்ல பாதரசம் இல்லை. காட்மியம் இல்லை. ஈயம்கூட இல்லை. சுத்தமான பண்ணைச் சரக்கு! மிஸ்டர் எவ்சேய், நீங்க நிரபராதி!"

"ஐயோ! இன்னொரு தடவை பாக்கச் சொல்லுங்க மேடம். எங்கேயாவது துளி விஷம் இருக்கும்!"

பெலகேயா விருட்டென்று எழுந்தாள்.

"ஏமாத்திட்டீங்களே! டேய், கிளம்புடா வீட்டுக்கு!"

அக்லாயாவின் கண்கள் நிறைந்துவிட்டன. பார்க்கவே பாவமாக இருந்தது.

"ஒரு நிமிஷம்..." நோன்னா குறுக்கே வந்தாள். "கேவியார்ல ஈயம் இல்லேன்னா, அந்தத் துண்டு ஏது? ஈயத்து மேல தேஞ்சுபோன தங்க முலாம் ஒட்டியிருக்குன்னு லேப்ல சொல்றாங்க. சம்பந்தியம்மா... அசல் தங்கம்னு ஊரெல்லாம் காட்டுவீங்களே ஒரு பல்லு, அதைக் கொஞ்சம் காட்டுங்க பாப்போம்!"

மண்டபமே சம்பந்தியம்மாவின் வாயை எட்டிப் பார்த்தது!

பெலகேயா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ப... பண்ணை மீனும் மீன்தானே! டேய், எங்கேடா கிளம்பறே? உட்கார்ந்து சாப்பிடு!"

அக்லாயா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"கேவியாரும் டூப்பு, பல்லும் டூப்பு! அசலா ஒண்ணாவது இருக்கா இங்கே?" நோன்னா சிரித்தபடி மணமக்களுக்காக வோட்காக் கோப்பையை உயர்த்தினாள்.

எவ்சேய் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தார்.

"மேடம்... அதை மட்டும் லேபுக்கு அனுப்பிடாதீங்க!"